கொட்டகையில் ஒரு ஜிப்ஸி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விவசாயம் பார்க்கிற பலருக்கு வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரிந்து போகிற தார்ச்சாலை வரைக்கும் எந்தக் காரும் போகும். சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்த மண்பாதை முழுக்கச் சேறும் உருளைக்கல்லும்தான். வாடகை ஜீப்காரர்களில் பாதிப்பேர் "நாளைக்கு வாரேண்ணே" என்று நழுவிவிடுவார்கள். எங்களுடையது சின்னத் தோட்டம். காய் எடுக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஜீப் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சொந்தமாக ஒரு ஃபோர் வீல் வண்டி, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று இறங்கியது இதற்காகத்தான். வண்டியில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் இந்தப் பாதைதான்.

என் தொழில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. ஸ்பானரும் மல்ட்டிமீட்டரும் கைக்குப் பழக்கம், ஆனால் நான் கார் மெக்கானிக் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. தரை சிமெண்ட். அது முக்கியம், மண் தரையில் ஜாக்கி வைத்து வண்டிக்கு அடியில் படுப்பது வேண்டாத வேலை.

எந்த வண்டி என்பதில் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. பழைய மஹிந்திரா எம்எம் 540 வாங்கலாம் என்றார் சித்தப்பா. பியூஜோ டீசல் இன்ஜின், இழுவை நன்றாக இருக்கும், எங்கள் ஊரில் அதற்கு வேலை தெரியாத மெக்கானிக் கிடையாது. எனக்கு மாருதி ஜிப்ஸிதான் மனதில் இருந்தது. காரணம் எடை. ஜிப்ஸி ஏறக்குறைய ஒரு டன்தான். சேற்றில் கனமான வண்டி புதைகிற இடத்தில் லேசான வண்டி மேலாகப் போய்விடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வரும். 1985 கடைசியில் சந்தைக்கு வந்த ஜிப்ஸி 2019 வாக்கில் நின்றது. அவ்வளவு காலம் பெரிய மாற்றமில்லாமல் ஓடியதால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. 2000க்குப் பிறகு வந்த 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும்) இன்ஜின் 80 குதிரைத்திறன் தரும். கார்புரேட்டர் இல்லாததால் செங்குத்தான சரிவில் வண்டி சாய்ந்தாலும் பெட்ரோல் சப்ளை தடுமாறாது. நான் வாங்கியது 2004 மாடல், துணிக்கூரை வண்டி.

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் ரப்பர் மவுண்ட்டுகளைச் சுற்றி, இங்கெல்லாம் திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். டங் என்று சத்தம் வந்தால் சரி. பொத்தென்று உள்ளே போனால், விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பாடித் தகரத்தை வெட்டி ஒட்டலாம், சேசிஸ் வேறு விஷயம். அடுத்து, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சி புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸிகள் மலிவாகக் கிடைக்கும். காகிதம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதுவும் முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வண்டி வந்ததும் சீட்டு, மேட், கதவு எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி பிளாஸ்டிக் பையில், மேலே பேனாவால் பெயர் எழுதி. கழற்றும் முன் செல்போனில் படம். மாட்டும்போது நினைவை நம்பினால் கடைசியில் கையில் நாலு போல்ட் மிஞ்சும்.

மேட்டை எடுத்ததும் இரண்டு பக்கமும் காலடித் தகரம் அப்பளம். துணிக்கூரை வண்டியில் எப்படியும் தண்ணீர் இறங்கும். மேட் அதைக் குடித்துவிட்டுக் காயாமல் வைத்திருக்கும், தகரம் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். இதற்கு மேலே பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் தாங்கும். துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைப்பதுதான் வேலை. கிரைண்டரில் கம்பிப் பிரஷ் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும் வரை தேய்த்தேன். கொட்டகை முழுக்கச் செந்தூசி. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நிறம் மாறியதில் அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

வெல்டிங்குக்குத் தெருமுனைக் கடை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கேட் அடிப்பவர், ஆர்க் வெல்டிங்கில் கில்லாடி. தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ராடு வச்சா ஓட்டைதான் விழும், மிக் மிஷின் வேணும்" என்றார். சரியாகச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகரம் அது. ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி தானாக ஓடி வரும் மிக் மிஷினை, 0.8 மில்லி கம்பி போட்டு, வாடகைக்கு எடுத்தோம். ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. சூட்டில் தகரம் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, திரும்ப இங்கே என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற வேலை இல்லை.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் இசியூவின், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின், கனெக்டரையும் உருவி வைத்துவிடுவது நல்லது. எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். தூரத்தில் கடித்தால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். ஜிப்ஸிக்குப் பெட்ரோல் டேங்க் பின்னால் அடியில் இருக்கிறது. அதை இறக்கி, கொட்டகைக்கு வெளியே தூரமாக வைத்தோம். "காலி டேங்க்தானே" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆவி நிறைந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. பக்கத்தில் ஒரு தீயணைப்பான், ஒரு வாளித் தண்ணீர், வேலை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க ஒரு ஆள். பொறி எங்கே போய் விழுந்தது என்பது புகை வந்தால்தான் தெரியும்.

ஒட்டிய இடங்களுக்குத் துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலர், அடிப்பக்கம் முழுக்க அண்டர்பாடி கோட்டிங். சேசிஸ் உள்கூட்டில் குழாய் விட்டு மெழுகு அடித்தேன். அடிக்கும் முன் சேசிஸில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபோது உள்ளேயிருந்து காய்ந்த சேறு கட்டி கட்டியாக விழுந்தது. அந்த ஓட்டைகள் அடைந்து கிடந்தால் மேலே எத்தனை பூச்சு அடித்தும் புண்ணியமில்லை.

இதுவரைக்கும் வெளியில் யாருக்கும் தெரியாத வேலை. அடுத்ததும் அப்படித்தான்.

வண்டி 50, 60 வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடியது. இதற்கு ஸ்டியரிங் டேம்பர் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னார்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தை எடுக்காது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று இருந்தது. பையனை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடியும் ஆட்டினேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங் பின் பேரிங், சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருப்பது. எனக்கு நிற்கவில்லை. முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் உள்ள உருண்டை ஹவுசிங்கைப் பிரித்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டேப்பர் பேரிங்குகள். மாற்றிவிட்டு, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து இறுக்கம் வைக்க வேண்டும். ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) எந்த அளவு பலத்தில் நகர ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார்கள். அளவு மேனுவலில் இருக்கிறது. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் வீட்டில் செய்யக்கூடியதுதான். கூடவே நக்கிள் சீலையும் மாற்றிவிடுங்கள். அது கிழிந்திருந்தால் சேறு நேராகப் புது பேரிங்குக்குப் போகும்.

பட்டைகளில் புஷ் எல்லாம் காய்ந்து போயிருந்தது. புது ரப்பர் புஷ் போடும்போது ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது பட்டை போல்ட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, வண்டியின் எடை பட்டையில் உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் பழசை மறுபடி போடாதீர்கள். புதுசு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது, நடுவில் ஒரு சின்ன ஷாஃப்ட். அதைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்ட்டுகள் போயிருந்தால் வண்டி முழுக்க அதிரும். நிறையப் பேர் அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்து வீண் செலவு செய்கிறார்கள்.

பிரேக்கில் பின் சக்கர சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஆயில் எல்லாம் புதுசு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். 17 வளைவுகளும் இறங்க வேண்டிய வண்டிக்கு இதைவிட முக்கியமான செலவு கிடையாது. இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் நிற்கிறதா, திரும்புகிறதா என்று பாருங்கள். பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழியுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாதிப்பேர் கேட்டுவிட்டு நேராக லைட் வாங்கப் போகிறார்கள்.

ஆயிலில் ஒன்று சொல்ல வேண்டும். கியர் ஆயில் எல்லாம் ஒன்று என்று ஒரே டப்பாவை எல்லா இடத்திலும் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. கிரவுனுக்கு, அதாவது ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரங்களுக்கு, ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால் ஜிஎல்-4தான் அதற்குப் பாதுகாப்பு. அதோடு பிரீதர். ஆக்சில் ஹவுசிங்கின் தலையில் சின்ன மூச்சுத்துளை ஒன்று இருக்கும். மலை ஏறிய சூட்டோடு ஓடையில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிறகு ஆயிலைத் திறந்தால் மோர்க் கலரில் இருக்கும். அந்தத் துளையிலிருந்து ஒரு பெட்ரோல் ஹோஸைப் போட்டு, பானெட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. சில நூறு ரூபாய் செலவு. நான் செய்ததிலேயே போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தந்த வேலை இதுதான்.

இனி எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி: எவ்வளவு தூக்கினாய்?

தூக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைத்தால் வண்டி ஐந்து அங்குலம் வரை உயரும். பார்க்க கம்பீரம். ஆனால் ஆக்சிலின் குண்டு, அதாவது கிரவுன் இருக்கும் இடம், பழைய உயரத்திலேயே இருக்கும். பாதையின் நடுக்கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். கம்பெனி டயர் 205/70 ஆர் 15, விட்டம் 668 மில்லிமீட்டர். நான் போட்டது 215/75 ஆர் 15 ஆல் டெரெய்ன், விட்டம் 703. விட்டத்தில் 35 கூடினால் ஆக்சிலுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, 17 மில்லிமீட்டர் சொச்சம். அது போதுமாக இருந்தது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63 போகும், அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 235/75 போட்டால் விட்டம் பத்து சதவீதம் ஏறும். அந்த அளவுக்கு கியர் இழுவை குறையும், டயர் மட்கார்டில் உரசும், உரசாமலிருக்கத் தூக்க வேண்டும். தூக்கினால் ஸ்டியரிங் கம்பியின் கோணம் கெடும், ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் கெடும், பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது. நீளமான ஷேக்கிள் (பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் தகடு) போட்டு முன்னால் தூக்கினால் கேஸ்டர், அதாவது கிங் பின்னின் சாய்வு, குறைந்து வண்டி நேராக நிற்காமல் அலையும். ஒன்றை மாற்றினால் அது இன்னும் மூன்றை மாற்றச் சொல்லும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட, என்று போட்டிருக்கிறார்கள். முன்னால் மாட்டும் புல் பார் வேண்டாம் என்று 2017 கடைசியிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டி ஆர்சியில் உள்ளபடி நிற்க வேண்டும். கழற்றி மாட்டக்கூடியது எது, மாட்ட முடியாதது எது என்று ஆரம்பத்திலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

மின்சார வேலை என் தொழில் என்பதால் அதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பேன். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல். அதைப் பழைய ஹெட்லைட் ஸ்விட்ச் வழியாக இழுத்தால் ஸ்விட்ச் கருகும், வழியில் வோல்டேஜ் விழுந்து வெளிச்சமும் மங்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுவது), ஸ்விட்ச்சுக்கு ரிலேயின் காயில் கரன்ட் மட்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது மோட்டார் கொட்டகையோடு போகட்டும், ஆடுகிற வண்டியில் வேண்டாம். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் புதுசாக மாற்றியதிலேயே என் வண்டியின் ஸ்டார்டிங் பாதி சரியானது.

மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கு முன்னும் பின்னும் சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி வேண்டும். பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் வரும். இழுக்கும்போது கயிற்றின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, ஆட்களைக் கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது என்பதும் ஒரு பிரச்சினை. தேனியைச் சுற்றி மலையும் காடும் இருக்கிறது என்று கண்ட இடத்தில் ஏற்றிவிட முடியாது. காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவது குற்றம். மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். நான் ஒரு நண்பரின் தென்னந்தோப்பில், அவர் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் போய்ப் பழகினேன். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே பாதிச் சேறு பயம் போய்விடும். டயர் தட்டையாகப் படர்ந்து பிடிக்கும். ஆனால் திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் காற்று நிரப்ப வேண்டும், அதற்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சும்மா சுற்றினால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுங்கள், மறு சக்கரத்துக்கு இழுவை போகும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டிய சக்கரங்களை அது பூட்டிவிடுவதால் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கேறும். மண்பாதை இறக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ (மெதுவான ரேஞ்ச்) போட்டு முதல் கியர், கிளட்ச்சில் கால் வைக்காமல். வாடகை ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவர் இதைத்தான் முதலில் சொன்னார்: "கால எடுத்துட்டு சும்மா உக்காரு, அதுவே எறக்கிவிடும்."

மழைக்காலம் முழுக்க வண்டி இப்போது மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு போய் வருகிறது. சேற்றில் போய் வந்த அன்றே அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்துவிடுகிறேன். ஓடையில் இறங்கி வந்தால் கிரவுன் ஆயிலைத் துளி எடுத்து நிறம் பார்ப்பதும் உண்டு. பின்பக்கப் பட்டை இரண்டும் பாரத்தில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. பட்டைக் கடையில் அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். சும்மா அடித்து ஏற்றியது சீக்கிரம் திரும்பத் தொய்யும் என்பதால் புது செட்டாகவே போடலாம் என்று இருக்கிறேன். இந்த ஏலக்காய் சீசன் முடிந்து கையில் காசு வரட்டும்.